கவலைக்குக் கூலி

கள்ளக்குறிச்சியில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தியிருக்கிறேன். தவறு, பார்த்துக்கொள்ள அல்ல, பார்த்துக்கொள்வதை ஒழுங்கு செய்ய. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, டாக்டர், சமையல் செய்பவளின் லீவு எல்லாம் அவள் பொறுப்பு. நர்ஸாக இருந்தவள். மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறேன்.

என் கடமை அத்துடன் முடிகிறதா என்பதல்ல கேள்வி. அதற்குச் சட்டமே பதில் சொல்லிவிடுகிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைச் சேர்க்கிறது. நான்கும் குறைவின்றி நடக்கின்றன. சட்டத்தின் முன் நான் நல்ல மகன்.

எனக்கு நேர்ந்தது வேறு. கவலைப்படுவதையும் கூலிக்கு விட்டுவிட்டேன். இரவில் அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் விழித்திருப்பவள் அவள். காலையில் எனக்குச் செய்தி வருகிறது: ‘இப்ப பரவாயில்லை சார்.’ கவலையைக் கழித்தபின் எஞ்சுகிற தகவல். கவலையற்ற அன்பு என்று ஒன்று இருக்கலாம். அதை அன்பென்று எதைக் கொண்டு அடையாளம் காண்பது?

அவள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கு அப்பால் அவளுடைய அம்மா தனியாக இருக்கிறாள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துப் பெண் பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறாளாம்.

“உங்க அம்மாவைப் பார்த்து எத்தனை நாளாச்சு?” என்று சென்ற முறை கேட்டேன்.

“நீங்க நாலு நாள் இங்க இருந்தீங்கன்னா போய்ட்டு வருவேன் சார்.”

இரண்டு நாள் இருந்தேன். அவள் போய் வந்தாள். இரண்டு நாளும் அம்மா அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.