பூனையின் புண்ணும் பௌத்தர் கடமையும்



கேரள நாட்டின் கிழக்கெல்லையில், கம்பம் பள்ளத்தாக்கிற்கு மேலே, வண்டன்மேடு என்னும் ஏலமலை ஊர் உள்ளது. அங்கே ஏலத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ் மக்கள் பலர். ஏலக்காயையும் வீட்டுத் தானியத்தையும் எலிகள் தின்று அழிப்பதால், அம்மலைகளில் பூனை வளர்ப்போர் உண்டு. இரவில் வேறொரு பூனையுடன் பொருது கடிபட்ட பூனை, வீட்டு மூலையில் முடங்கிப் புண்ணை நக்கிக்கொண்டிருக்கும். அதைக் கண்டு, "அது தன் கருமத்தை அனுபவிக்கின்றது, நாம் என்ன செய்வது?" என்று கூறி அகல்வாரும் உளர். இக்கூற்று தம்மத்திற்கு ஒத்ததா என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

உயிர்கள் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினைப் பயனே என்பது சரியா என மோலியசிவகன் என்னும் பரிவிராசகன் பகவானிடம் வினவினான். பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், ஒவ்வாத நடை, பிறர் தாக்குதல், கருமம் எனக் காரணங்கள் 8 என்று பகவான் விடையளித்தார். தாக்குதலால் நேரும் துன்பத்தைக் கருமத்தினின்றும் வேறாகவே எண்ணினார். ஆகவே, கடிபட்ட உயிரைக் கருமத்தின் பேரால் கைவிடுதல் பௌத்தமன்று.

வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்ஷு ஒருவரைப் பகவானும் ஆனந்தரும் தம் கைகளாலேயே கழுவித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். இதனைக் கூறும் விநய நூல், நோயாளியைப் பேணுவோனுக்கு 5 தகுதிகளை வகுக்கின்றது. மருந்து கூட்டும் திறன் முதலாவது. ஏற்றது எது, ஏலாதது எது என்றறிதல் இரண்டாவது. ஊதியம் கருதாத அன்பு மூன்றாவது. அழுக்கை அருவருக்காமை நான்காவது. நல்லுரையால் தேற்றுதல் ஐந்தாவது. அன்பிற்கு முன்னே அறிவு இரண்டிடம் பெற்றிருத்தலைக் கவனியுங்கள். அறிவற்ற அன்பு கொல்லவும் கூடும்.

முதல் தகுதிக்கு வேண்டுவது எளிய மருந்தே. அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிச் சேர்த்துக் கரையுங்கள். பூனையைத் தலை மட்டும் வெளியே தெரியத் தடித்த துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். குருதி கசிந்தால் தூய துணியை வைத்து, இடையில் எடுத்துப் பாராமல் 5 நிமிடமேனும் அழுத்துங்கள். பின்னர் உப்புநீரில் நனைத்த துணியால் நாளைக்கு இரண்டு மூன்று முறை துடைத்து, ஈரம் ஒற்றியெடுங்கள். நக்காதிருக்கக் கழுத்தில் அட்டையால் வளையம் இடுங்கள். மஞ்சளும் எண்ணெயும் குழைத்து அப்புதல் வேண்டா. ஆழ்ந்த புண்ணின் வாய் அடைபட்டால் சீழ் உள்ளே தங்கும்.

ஏலாதவற்றை அறிதல் இரண்டாவது. பூனை தன் உடம்பில் பட்டதையெல்லாம் நக்கி விழுங்கும். ஆதலால் டெட்டால், பினாயில், மண்ணெண்ணெய், கற்பூரம் ஆகியவை அதற்கு நஞ்சு. புழு வைத்த புண்ணில் தோட்டத்துப் பூச்சிமருந்தை ஊற்றுதல் பெருங்கேடு. நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் போக்கவல்லது. அம்மருந்தின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் அதன் ஈரலுக்குப் போதாது.

வீட்டு வைத்தியத்தின் எல்லையை அறிவதும் அறிவே. பூனைக்கடி வெளியே சிறு துளையாகத் தோன்றும். மேல்தோல் விரைவில் மூடிக்கொள்ள, சில நாட்களில் உள்ளே சீழ் கட்டும். வீக்கம், துர்நாற்றம், புழு, ஒரு நாள் முழுதும் உண்ணாமை ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், நாயோ காட்டு விலங்கோ கடித்திருந்தாலும், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பேணும்போது பூனை உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வெறிநோய் பூனையாலும் பரவும்.

எஞ்சிய மூன்றும் உள்ளத்தைப் பற்றியவை. எலி பிடிக்கும் பூனைக்கு மட்டும் மருந்திடுவது ஊதியம் கருதிய செயல். எலி பிடிக்க இயலாத கிழப்பூனைக்கும் மருந்திடுவதே மைத்திரி. சீழைத் துடைக்கும் கை அருவருத்தலாகாது. நம் உரை பூனைக்கு விளங்காது; ஆயினும் தாழ்ந்த குரலின் அமைதி அதற்கு விளங்கும்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மாமன்னர் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம், மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதையும், மூலிகை இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடுவித்ததையும் கூறுகின்றது. சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் நாடுகளும் அதில் குறிக்கப்பெற்றுள்ளன. பாண்டிநாடும் சேரநாடும் அடுத்துள்ள அம்மலையில், ஓர் ஏழைத் தொழிலாளி தன் பூனைக்காக உப்புநீர் காய்ச்சும்போது அவ்வறமே தொடர்கின்றது. அதற்குச் செல்வம் வேண்டுவதில்லை. அறிவும் அன்பும் வேண்டும்.

சகல ஜீவர்களும் நோயற்று வாழ்வனவாக! சாது! சாது! சாது!