பன்னிரண்டு காசு

பி.காம். படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பழைய பொருளைப் பார்த்தாலும், 'இதன் இன்றைய மதிப்பு எவ்வளவு?' என்று மனசு தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

முடிச்சூரில் அத்தை வீட்டு மாடிப்படிக்குக் கீழே அந்தத் தையல் மிஷினைப் பார்த்தபோதும் அப்படித்தான். கறுப்பு நிற உஷா. 1974-ல் 400 ரூபாய்க்கு அத்தை தவணையில் வாங்கியது. வருமான வரிக் கணக்கில் பொதுவாக மிஷின்களுக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். முதல் வருஷம் 400-ல் 15 சதவீதம். அடுத்த வருஷம் மிச்சமுள்ள 340-ல் 15 சதவீதம். இப்படியே ஐம்பது வருஷத்துக்குக் கழித்துப் பார்த்தேன். பன்னிரண்டு காசு வந்தது!

மிஷின் இருந்த நிலைக்கு அதுவே அதிகம். 2015 டிசம்பர் மழை ஞாபகமிருக்கிறதா? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அந்த மழை. அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கின. அத்தை வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். வடிந்த பிறகு ஃப்ரிட்ஜ், டி.வி., மெத்தை எல்லாம் தெருவுக்குப் போயின. தையல் மிஷின் தூக்க முடியாத கனம் என்பதால் மாடிப்படிக்குக் கீழே தள்ளப்பட்டு, அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது.

இப்போது அத்தான் அந்த வீட்டை இடித்துக் கட்டப் போகிறார். சாமான்களைக் காலி செய்ய வேண்டும். மிஷினுக்கு மூன்று யோசனைகள் வந்தன. காயலான் கடைக்காரர் 700 ரூபாய் தருவதாகச் சொன்னார். ஈ.சி.ஆரில் கஃபே வைத்திருக்கும் ஒருவர், 'கால் பகுதி மட்டும் போதும். மேலே கண்ணாடி போட்டு டேபிள் ஆக்கிக்கிறேன்' என்று 2,500 சொன்னார். அத்தானுக்கு இரண்டிலும் இஷ்டமில்லை. "பாலிஷ் போட்டு புது வீட்டு ஹால்ல வெச்சிடலாம் மாப்ளே. அம்மா ஞாபகமா இருக்கும்" என்றார்.

கணக்குப்படி பார்த்தால் கஃபேதான் லாபம். ஆனால், மாமா இறந்தபோது அத்தைக்கு முப்பது வயசு. கையில் இரண்டு குழந்தைகள். அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது இந்த மிஷின். அதற்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? இரும்புக்குப் போய் மனிதன் கடன்பட முடியுமா?

சிரிக்காதீர்கள். வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று அரிவாள்மணையிலிருந்து கம்ப்யூட்டர் வரை சந்தனம், குங்குமம் வைக்கிற ஜனங்கள் நாம். அந்தப் பழக்கத்துக்குள் இந்தக் கேள்வி இருக்கத்தான் செய்கிறது.

'எதுவாக இருந்தாலும், முதலில் சுத்தம் செய்வோம்' என்று நானும் அத்தானும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தோம். எங்கள் இருவருக்குமே ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும் என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் மிஷின் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர்தான் குரு. "வீல் சுத்தலைன்னா பலம் போட்டுத் திருப்பாதீங்க. எண்ணெய் ஓட்டை எல்லாத்துலயும் மண்ணெண்ணெய் விட்டுட்டுச் சும்மா இருங்க" என்றார். 'சும்மா இரு' என்பது ஞானிகள் சொன்ன உபதேசம் என்று நினைத்திருந்தேன். மெக்கானிக்கும் அதையே சொல்கிறார்!

முதல் ஞாயிறு வீல் அசையவே இல்லை. இரண்டாவது ஞாயிறு ஒரு நூல் அசைந்தது. மறுபடி மண்ணெண்ணெய். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம், திரும்ப மாட்டத் தெரிய வேண்டுமே. உள்ளே பல இடங்களில் பழுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. அத்தையைக் கேட்டோம். "மிஷின் ஆயில் வாங்கக் காசில்லாத நாள்ல தேங்காயெண்ணெய் விட்டிருக்கேன்டா" என்றார். அது நாளாக ஆக தூசியோடு சேர்ந்து கெட்டிப்பட்டுவிடுமாம். அத்தையின் கஷ்ட காலத்தை நாங்கள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வாரம், ஊசி இறங்கும் இடத்தில் இருக்கும் தகட்டைக் கழற்றினோம். துணியை நகர்த்துகிற பற்களுக்கு நடுவே நூல் பிசிறு கம்பளி மாதிரி இறுகிக் கிடந்தது. ஊசி முனையால் பிரித்தெடுத்தால், உள்ளே கறுத்துப்போன பச்சை, சிவப்பு, ஸ்கூல் யூனிஃபார்ம் நீலம். அத்தை அந்த நீலத்தை விரலில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஜூன் மாசம் வந்தா ராத்திரி ரெண்டு மணி ஆகும்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

எனக்குள் இருந்த பி.காம். மறுபடி விழித்துக்கொண்டது. ஒரு நாளைக்கு மூன்று ரவிக்கை, வருஷத்துக்கு 300 நாள், முப்பது வருஷம். 27,000 ரவிக்கை! மிஷினுக்குத் தேய்மானம் கழித்தேனே, இந்த முதுகுக்கும் முழங்காலுக்கும் யார் கழித்தார்கள்? எந்தப் பேரேட்டிலும் அதற்கு ஒரு பக்கம் கிடையாது.

1924-ல் டெல்லியில் காந்தியை ஓர் இளைஞர், "நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா?" என்று கேட்டார். கேட்டவர் ஜி.ராமச்சந்திரன். பின்னாளில் தன் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து, திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர். காந்தி 'இல்லை' என்று சொல்லி, விதிவிலக்காக எடுத்துக் காட்டியது எதை தெரியுமா? சிங்கர் தையல் மிஷினை! மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப் போவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தி நம்பிய கதை. மனிதன்தான் முக்கியம், அவன் பாரத்தைக் குறைக்கிற மிஷினை ஏற்கலாம் என்பது அவர் கட்சி.

கதை என்னவோ உண்மை இல்லை. சிங்கருக்கு முன்பே, 1846-ல் எலியஸ் ஹோவ் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிங்கர் வாங்கியது 1851-ல். அவர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் நடத்தியவர், பிள்ளைகள் 20-க்கும் மேல். மிஷினில் அவர் பார்த்தது காதலை அல்ல, காசை. ஆனாலும் காந்தி கேட்கச் சொன்ன கேள்வி சரியான கேள்வி. மிஷினைப் பார்க்காதே, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்.

நாங்கள் அதைத்தான் செய்யவில்லை என்பது நான்காவது ஞாயிறு புரிந்தது.

புது பெல்ட், புது ஊசி, பாபின் கேஸ், ஒரு பாட்டில் மிஷின் ஆயில். மொத்தச் செலவு 640 ரூபாய். வீல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அத்தையை நாற்காலியில் உட்கார வைத்தோம். முழங்கால் வலியில் அவரால் மிதிக்க முடியவில்லை. வலது கையால் வீலைச் சுற்றி, இடது கையால் பழைய வேட்டித் துண்டை நகர்த்தினார். நாலு அங்குலம் தைத்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். "மேல் நூல் லூஸா இருக்கு" என்று, கண்ணால் பார்க்காமலேயே டென்ஷன் திருகை அரைச் சுற்றுத் திருப்பினார். அடுத்த நாலு அங்குலம் முத்து முத்தாக விழுந்தது.

பிறகு சொன்னார்: "வேலைக்கு வர்ற பொண்ணோட மக டைலரிங் கத்துக்கிட்டு, மிஷின் இல்லாம இருக்கா. அவளுக்குக் குடுத்துடு."

அத்தான் பதறிவிட்டார். "என்னம்மா இது? உன் ஞாபகமா ஹால்ல வெக்கலாம்னுதானே இவ்ளோ பாடுபட்டோம்!"

அத்தை கோபப்படவில்லை. "என்னை ஞாபகம் வெச்சுக்க மிஷின் எதுக்குடா? நான் இங்கேதானே உக்காந்திருக்கேன்?"

நாங்கள் இரண்டு பேரும் துணியால் கையைத் துடைப்பது மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தோம்.

மிஷினுக்கு நாம் பட்ட கடனை எப்படி அடைப்பது என்று கேட்டேன் அல்லவா? அது சுலபம். ஓட வைத்து, ஓட்டுகிற கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. மனிதர்களுக்கு அந்த வழி செல்லாது. மிஷின் ஓடினால்தான் மிஷின். அத்தை, மிதிக்க முடியாமல் போனாலும் அத்தைதான். அவருக்குத் தேய்மானம் கழிக்கிற உரிமை எந்த ஆடிட்டருக்கும் இல்லை. ஞாபகச் சின்னம் வைக்கிற அவசரத்தில், ஆள் பக்கத்திலேயே இருப்பதை மறந்துவிடுகிறோம். அந்த நாலு ஞாயிறுக்கு முன்னால் நான் அத்தை வீட்டுக்குப் போய் எத்தனை மாசம் ஆகியிருந்தது என்று இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மிஷின் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டது. ரிப்பேர் வேலை எதுவும் பாக்கியில்லை. இந்த ஞாயிறும் முடிச்சூர் போகலாம் என்றிருக்கிறேன்.