மிச்சமிருக்கும் மூணு நிமிஷம்

அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். சினிமாப் பாட்டு ஒன்றுக்கு நாலரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஆறு பாட்டு போகும், மூணு நிமிடம் மிஞ்சும். ஏழாவது பாட்டை ஆரம்பித்தால் சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து 'டக்'கென்று நிற்கும். ஒன்றும் போடாமல் விட்டால் வெறும் இரைச்சல் ஓடும். ரெக்கார்டிங் சென்டர் நடத்திய யாருக்கும் தினசரி வந்த பிரச்சினை இது. பெரும்பாலானவர்கள் பாட்டை வெட்டினார்கள். வாங்கியவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதியில் நின்ற பாட்டுகளை அப்படியே மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை நாங்கள். அசல் முழுப்பாட்டைப் பிற்பாடு கேட்கும்போது, நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்காமல் போவது இன்னும் எனக்கு வினோதமாக இருக்கும்.

விருதுநகர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் அப்படி ஒரு கடை. 2000-ஆம் வருஷ வாக்கில் அங்கே ஓர் அண்ணன் வேலை பார்த்தார். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது. முதலாளி வேறொருவர், சாயங்காலம் கல்லாவை எண்ண மட்டும் வருவார். நான் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்தே பாதிப் பாட்டு கேட்டேன். ரெண்டு டெக், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, நாடாவைச் சுற்ற ஒரு பென்சில், சுவர் முழுக்க அசல் கேசட்டுகள். வருகிறவர்கள் நோட்டுத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு, வரிசையைக் கொஞ்சம் மாற்றலாமா என்று கேட்பார். ரெட்டை வேகத்தில் பதியும் வசதி டெக்கில் இருந்தும் அவர் அதைத் தொடமாட்டார். "வேகமாப் போட்டா மேல்ஸ்தாயி எல்லாம் செத்துரும்டா தம்பி" என்பார். அதனால் ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், முதலாளியிடம் திட்டு வாங்குவார்.

மிஞ்சும் மூணு நிமிடத்தில் அவர் தனக்குப் பிடித்ததைப் போடுவார். இளையராஜாவின் பின்னணி இசைத் துண்டு. 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து ஒரு பகுதி. சில சமயம் ஒரு பழைய பாட்டின் முகப்பிசை மட்டும், குரல் வரும் முன் மெல்லக் குறைத்து. யாரும் கேட்காதது, காசும் வாங்காதது. குத்துப்பாட்டு லிஸ்ட் கொடுத்த லாரி டிரைவருக்கு, தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணமான இசையிலிருந்து ஒரு துண்டு இலவசமாகப் போகும். சிலர் திரும்பி வந்து "அந்தக் கடைசில வந்தது என்னது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் வேலை பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அது கொடையா? அவரிடம் இருந்த எதுவும் அவருடையது இல்லையே. நாடா வாங்கியவருடையது, டெக் முதலாளியுடையது, இசை இன்னொருவருடையது. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. கேசட் நகல் பெருகியதால் 1984-ல் அதைத் திருத்தி, ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தண்டனையைக் கடுமையாக்கினார்கள். எங்கள் சந்தில் அந்தச் சட்டம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, தெரிந்திருந்தாலும் பயந்திருக்கமாட்டார்கள். ஆனால் சட்டம் தெரியாததால் கேள்வி இல்லாமல் போகாது. அடுத்தவன் பொருளை எடுத்துத் தாராளமாக இருப்பவனைத் தாராளமானவன் என்று சொல்லலாமா?

ஒரு எளிய பதில் உண்டு. ஒருவர் மெழுகுவர்த்தியில் இன்னொருவர் பற்றவைத்துக்கொண்டால் முதல் சுடர் குறைவதில்லை, கருத்துகளும் அப்படித்தான் என்று 1813-ல் ஒரு கடிதத்தில் தாமஸ் ஜெஃபர்சன் எழுதினார். தீப்பெட்டி ஊர்ப்பக்கத்து ஆளான எனக்கு இந்த உவமை பிடித்தே ஆகவேண்டும். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த தொழில்தானே சிவகாசி. ஆனால் உவமையில் ஓட்டை இருக்கிறது. சுடர் குறையாது, சரி. மெழுகு யாருடைய காசு? வயலின் வாசித்தவருக்குக் கால்ஷீட் கணக்கில் அன்றைக்குக் கிடைத்ததோடு சரி. இசையமைப்பாளருக்கே நிலைமை சிக்கல். சினிமாவுக்காகக் கூலி கொடுத்து உருவாக்கிய இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்பது 1977-ல் உச்சநீதிமன்றம் சொன்ன நிலை. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி பங்கை விட்டுக்கொடுக்க முடியாது என்று சட்டம் திருந்த 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே அண்ணன் யாரிடமிருந்து எடுத்தார் என்று கேட்டால், பெரும்பாலும் கம்பெனியிடமிருந்துதான், கலைஞனிடமிருந்து அல்ல என்று வாதாடலாம். நான் அப்படி வாதாடியிருக்கிறேன். இப்போதும் முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை.

திருக்குறளில் ஒரு விஷயம் கவனித்தேன். ஒப்புரவறிதலும் ஈகையும் 22, 23-ஆம் அதிகாரங்கள், இல்லறவியலில் வருகின்றன. கள்ளாமை 29-ஆவது, துறவறவியலில். திருடாமை என்பது சம்சாரிக்கும் பொதுவானதுதானே, துறவிக்கு ஏன் என்று தோன்றும். தம்மவரிடம் விளையாட்டாக ஏமாற்றி எடுத்துக்கொள்வது இல்வாழ்வானுக்குப் பொறுக்கத்தக்கது, துறவிக்கு அந்த நினைப்பே குற்றம் என்கிற போக்கில் பரிமேலழகர் இதற்கு விளக்கம் சொல்கிறார். எனக்கு அந்தத் 'தம்மவர்' என்ற எல்லைதான் முக்கியமாகப் படுகிறது. ரசிகனுக்குப் பாடகர், இசையமைப்பாளர் எல்லோருமே தம்மவர். அவன் அவர்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான், அவன் இவன் என்றுகூடப் பேசுகிறான். அன்பு இருக்கிற இடத்தில் அனுமதி தேவையில்லை என்று நினைக்கிறான். அந்தப் பக்கம் இருப்பவருக்கோ இவன் யாரென்றே தெரியாது.

இதை அண்ணன் விஷயத்தில் நான் இவ்வளவு தூரம் யோசிக்கக் காரணம் இசை இல்லை, ஒரு குரல். கடை மூடி, கேசட்டே போய், அவர் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் சேர்ந்து பல வருடங்களுக்குப் பிறகு அவரே சொன்னது.

ஆமத்தூர்ப் பக்கமிருந்து ஓர் அக்கா வந்திருக்கிறார். பயராபீஸ் வேலை, விரலிடுக்கில் வெள்ளிப் பவுடர் போகாமல் ஒட்டியிருந்தது என்றார். பங்குனிப் பொங்கல் வரும் சமயம். எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளைப் பதிந்து தரச் சொல்லி ஒரு பழைய கேசட்டைக் கொடுத்தார். "உள்ள இருக்கறத அழிச்சிட்டுப் போடு தம்பி." புதுக் கேசட் வாங்கினால் செலவு, அதனால் இப்படிப் பழசைக் கொண்டுவருவது சகஜம்தான்.

அந்தக் கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் காது ரெண்டும் உடைக்கப்பட்டிருந்தன. கேசட் தெரியாத வயதுக்காரர்களுக்கு: அந்தக் காதை உடைத்துவிட்டால் டெக்கில் பதியும் பொத்தான் அமுங்காது. உள்ளே இருப்பது தப்பித் தவறிக்கூட அழியாது. மறுபடி பதிய வேண்டுமானால் ஓட்டையின் மேல் செலோ டேப் ஒட்ட வேண்டும். ஆக, யாரோ இதைக் காப்பாற்ற நினைத்திருக்கிறார்கள். நாடா நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, எப்போதும் செய்வது போல் அண்ணன் ஓட்டிக் கேட்டார். ஓர் ஆளின் குரல். வளைகுடாவிலிருந்து அனுப்பிய பேச்சுக் கேசட். போன் பேசக் கட்டுப்படியாகாத காலத்தில் நம் ஊர்களுக்கு இப்படித்தான் கடிதம் வந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, மழை உண்டா, யாருக்குக் கடன் பாக்கி, இந்த மாதிரி. பின்னாலே அறையில் ஒரு ரேடியோவில் தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். பேசுகிறவர் நடுவில் நிறுத்தி, "இந்தப் பாட்டு கேக்குதா?" என்று சொல்லி, கொஞ்ச நேரம் பேசாமல் பாட்டை மட்டும் ஓடவிட்டிருக்கிறார்.

அண்ணனால் அழிக்க முடியவில்லை. தன் காசில் புதுக் கேசட் எடுத்து அம்மன் பாட்டுகளைப் பதிந்துகொடுத்தார். அந்த அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு "இது என் கேசட் இல்லையே" என்றார். நாடா சிக்கிக் கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன், அதான் புதுசு குடுத்தேன் என்றார் இவர். அக்கா கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் போய்விட்டார்.

நான் இதைச் சொன்ன எல்லோரும் அண்ணன் பக்கம்தான். நல்ல மனசு என்கிறார்கள். பிற்பாடு அந்த அம்மா வருத்தப்பட்டுத் தேடினால்? பிள்ளை வளர்ந்து அப்பா குரலைக் கேட்டால்? எனக்கு இந்தப் பதில்களில் ஒப்புதல் இல்லை. ஒரு கேசட்டில் நல்லவிதமாகப் பேசியது அந்த ஆளைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அடிக்கிறவனும் கடிதத்தில் அன்பாகத்தான் எழுதுவான். அவர் செத்துப் போனாரா, அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டாரா, இல்லை பக்கத்து அறையிலேயே தூங்கிக்கொண்டிருந்தாரா, அண்ணனுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்த ஒரே ஆள் அழி என்றார். தெரியாத ஆள் முடியாது என்றார்.

கடிதம் யாருடையது என்பது பழைய வழக்கு. 1741-ல் லண்டனில் கவிஞர் அலெக்சாண்டர் போப், தன் கடிதங்களை அச்சிட்ட புத்தக வியாபாரி கர்ல் மேல் வழக்குப் போட்டார். ஹார்ட்விக் பிரபு தந்த தீர்ப்பின்படி, காகிதம் பெற்றவருக்குச் சொந்தம். அதை வெளியிடும் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது. இந்தப் பிரிவினை கச்சிதமானது. காது உடைத்து அனுப்பியவருக்கு, தன் குரலை ஊர் கேட்காமலிருக்கக் கோர உரிமை உண்டு. மனைவி அதை என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டும் என்று கோர முடியாது. நாடா அவர் கையில் வந்த பிறகு அதன் ஆயுள் அவர் இஷ்டம். இந்த இரண்டு பேரில் யாருமே அண்ணனிடம் பொறுப்பை ஒப்படைக்கவில்லை.

எரிக்கச் சொன்ன காஃப்காவின் தாள்களை எரிக்காத மாக்ஸ் பிராடை உதாரணம் காட்டுவார்கள். பொருந்தவில்லை. செய்யமாட்டேன் என்று நண்பனிடம் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட்டதாக பிராட் எழுதியிருக்கிறார். செய்ததையும் உலகறியச் செய்தார், வசவையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார். அண்ணன் ஒளித்தார், பொய் சொன்னார். அந்த அக்கா எதிரில் நிற்கும்போது, "கேட்டேன்க்கா, அழிக்க மனசு வரல, நீங்களே வச்சிக்கோங்க" என்று கொடுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் ஒரு முடிவெடுக்க வாய்ப்பு இருந்திருக்கும். அழிக்கும் ஹெட்டை ஓட்டும் வேலையை வேறு கடையில் கொடுத்திருக்கலாம், அடுப்பில் போட்டிருக்கலாம், பத்திரமாக வைத்திருக்கவும் செய்யலாம். அந்த வாய்ப்பைத்தான் பொய் பறித்தது.

என் தொழிலில் இது நாள்தோறும் நடப்பது. நீங்கள் ஒரு செயலியில் 'அழி' என்று அழுத்தும்போது பல இடங்களில் எதுவும் அழிவதில்லை. அந்த வரிசைக்குப் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்று ஒரு குறி விழும், அவ்வளவுதான். காரணம் கேட்டால் எல்லோரும் கருணையோடு பதில் சொல்வார்கள்: தெரியாமல் அழுத்தியிருந்தால் மீட்டுத் தரலாமே. அது உண்மையும்கூட. ஆனால் ஒரு மாதம் என்று போட்ட குறி வருடக்கணக்கில் கிடக்கும். ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் அழிக்கக் கோருவதை உரிமையாக எழுதிவைத்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட கருணையும் இருக்கிறது.

அண்ணனின் தவறு இசை தெரியாதவன் செய்யும் தவறில்லை. இசை கேட்டே பழகிய காது செய்த தவறு. அவர் அந்தக் கேசட்டை ஒரு பதிவாகக் கேட்டார். பேச்சு நின்று ரேடியோப் பாட்டு மட்டும் ஓடும் அந்த இடத்தை அவர் எனக்கு விவரித்த விதத்தில் அது தெரிந்தது. கைதேர்ந்த ஒருவர் அமைத்த இடைவெளியைப் போல அதை ரசித்திருந்தார். லாரி டிரைவருக்குப் போட்ட மூணு நிமிஷமும் இதுவும் ஒரே கையிலிருந்து வந்தவை: உனக்கு எது நல்லது என்பது உன்னைவிட என் காதுக்குத் தெரியும். முதலாவதில் யாருக்கும் நஷ்டமில்லை, பிடிக்கவில்லையென்றால் டிரைவர் கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். நான் என் வாழ்க்கையில் கேட்ட நல்ல இசையில் பாதி அந்த மூணு நிமிஷங்களின் வழியாக வந்தது. அதனால்தான் ரெண்டாவதைத் தனியாகப் பிரித்து, அது வேறு விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அண்ணன் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தார். ஒரு சிவகாசிக் காலண்டர் தாளில் சுற்றி வைத்திருந்தார். நாடாவின் ஓரம் பழுப்பு உதிர ஆரம்பித்திருந்தது. இன்னும் சில தடவை ஓட்டினால் போய்விடும். "நீ கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுடா, அழியாம இருக்கும்" என்றார்.

முதலில் அந்த அக்காவைத் தேடிப் போய்க் கேளுங்கண்ணே, சரின்னு சொன்னா ஏத்தித் தர்றேன் என்றேன்.

"ஆமத்தூருக்கு என்ன, பைக்ல அரை மணி நேரம்" என்றார். கொஞ்ச நேரம் காலண்டர் தாளை மடித்துக்கொண்டே இருந்தார். "அது இல்லடா. தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லிட்டேனே."