கோட்டம் எங்கே இருக்கிறது?

லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் உருவாகும் ஊர் ஓசூர். 1980-ல் டி.வி.எஸ். 50 இங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. சிப்காட் ஆலைகளில் முடியளவு பிசகினாலும் உதிரிபாகத்தை ஒதுக்கிவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து ஜூஜுவாடிப் பக்கம் திரும்பும் தொழிலாளியின் சைக்கிள் சக்கரமோ ஆடிக்கொண்டே போகும்.

எங்கே கோளாறு என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, போர்க்கில் கையை ஊன்றி, ஒரு சாக்பீஸை ரிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடித்தபடி சக்கரத்தை மெல்லச் சுற்ற வேண்டும். ரிம் ஒதுங்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக்கோடு விழும். கோடே விழாமல், ரிம்மைப் பிடித்து அசைத்தால் கடகடவென்று ஆடுகிறதா? கோன் தளர்ந்திருக்கும், இல்லை பால்ஸ் தேய்ந்திருக்கும். கோடு வலப்பக்கம் விழுந்தால், பெரும்பாலும் தொய்ந்திருப்பது அதற்கு எதிரே, இடப்பக்கக் கம்பி. அதைக் கால் சுற்று முடுக்கி, மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். கோணல் தெரியும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு.

மனிதரின் கோணலுக்கும் இது பொருந்துமா? பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில், வாரணாசிக்கு அருகே இசிபதனத்தில் புத்தர் சொன்னதாக ஒரு கதை வருகிறது. பசேதனன் என்ற அரசன் போருக்காக ஒரு ஜோடி சக்கரம் கேட்டு, தச்சனுக்கு ஆறு மாதம் கெடு வைத்தான். கெடுவில் ஆறு நாள் மீதமிருந்தபோது ஒன்றுதான் முடிந்திருந்தது. மற்றதைத் தச்சன் அந்த ஆறே நாளில் செய்து முடித்தான். இரண்டுக்கும் அரசன் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தச்சன் இரண்டையும் உருட்டிவிட்டான். உந்துவிசை தீர்ந்ததும் முதல் சக்கரம் அச்சில் பூட்டியதுபோல் நின்றது. அவசரச் சக்கரம் சுழன்று விழுந்தது. அதன் வட்டை, ஆரக்கால், குடம் மூன்றிலும் கோணல்.

முற்பிறவியில் அந்தத் தச்சனாக இருந்தது தானே என்கிறார் புத்தர். அன்று மரத்தின் கோணலை அறிந்தவர், இன்று உடல், சொல், மனம் ஆகியவற்றின் கோணலை அறிந்தவர்.

வேகம் இருந்தவரை இரண்டு சக்கரமும் ஓடின என்பதுதான் கதையின் கூர்மையான இடம். பதவியோ பரபரப்போ தள்ளிக்கொண்டு போகும்வரை நம் கோணலும் வெளியே தெரிவதில்லை. மெல்லச் சுற்றினால்தான் சாக்பீஸ் சரியான இடத்தைக் காட்டும். ஓய்ந்து உட்காரும் துறவு மரபுகள் மனத்துக்குச் செய்வதும் இதே சோதனைதான்.

கோணல் தலையெழுத்து என்று புத்தர் சொல்லவில்லை. விழுந்த சக்கரம் பிறகு என்னவாயிற்று என்பது கதையில் இல்லை. ஆனால் எதிரே இருந்த துறவிகளிடம் அவர் கேட்டுக்கொண்டது, உடல், சொல், மனம் மூன்றின் கோணலையும் விட்டொழிக்கப் பழகுங்கள் என்று. நிமிர்த்த முடியாததாக இருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.