ம்யூட்டில் அழுதவர்கள்

2020 ஊரடங்குக்கு முன்புவரை அறந்தாங்கியில் நாங்கள் படம் பார்த்தது நண்பன் வீட்டு மொட்டை மாடியில். வாடகை புரொஜெக்டர், திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி, பத்துப் பதினைந்து பேர். குழுவுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஊரடங்கு வந்ததும் மாடி கூகுள் மீட்டுக்குக் குடிபோனது. அவரவர் போனில் ஒரே நேரத்தில் படத்தை ஓடவிட்டு, முடிந்ததும் பேசுவது என்று ஏற்பாடு. அப்படிப் பார்த்த முதல் படம் பாரி ஜென்கின்ஸின் 'மூன்லைட்' (2016).

மயாமியின் லிபர்ட்டி சிட்டியில் வளரும் ஷிரோன் என்ற கறுப்பினப் பையனின் கதை. சிறுவன், பதின்வயதுக்காரன், இளைஞன் என மூன்று பாகங்கள். அம்மா போதைக்கு அடிமை. மற்ற பையன்கள் துரத்துகிறார்கள். தனக்கு யாரைப் பிடிக்கிறது என்று அவனுக்கே புரிவதற்கு முன்னால் அதற்கொரு வசைச்சொல்லைத் தெரு வைத்திருக்கிறது.

படம் முடிந்ததும் சாட்டில் வரிசையாக வந்தன. 'அழுதுட்டேன்', 'மனசு கனத்துப்போச்சு', 'தூங்க முடியாது இன்னைக்கு'. பேச யாருமில்லை. பெரும்பாலான பெட்டிகளில் கேமரா அணைந்திருந்தது. அப்போது நண்பனின் தங்கை ஒரு வரி போட்டாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மாடிக்கு வர வீட்டில் விடாததால், அதுவரை ஒரு படத்துக்கும் வந்திராதவள். "இந்தப் பையன் நம்ம ஊர்ல யாருண்ணே?"

"நல்ல கேள்வி" என்றார் ஒருவர். இன்னொருவருக்கு நெட் கட்டானது. நான் ம்யூட்டை எடுத்தேன். மறுபடி போட்டுக்கொண்டேன்.

படம் பார்த்து அழுவது நல்ல காரியமா? கேட்கவே அசட்டுத்தனமாக இருக்கிறது, இல்லையா? அழுகிறவன் கல்நெஞ்சன் இல்லை, அதுவே போதும் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் புளூட்டார்க் ஒரு கதை சொல்கிறார். பெரே நகரத்துக் கொடுங்கோலன் அலெக்சாண்டர் (மாவீரன் இல்லை, இவன் வேறு) யூரிப்பிடிஸின் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து போய்விட்டான். தான் கொன்றவர்களில் ஒருவருக்காகவும் இரங்காதவன், மேடையில் ஒரு துயரத்துக்கு அழுவதை ஜனங்கள் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கம். ரூசோ 1758இல் இதே ஆளை உதாரணம் காட்டி, கற்பனைத் துயரத்துக்கு அழுதாலே மனிதனாக இருந்ததற்கான கடனைக் கட்டிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், அதற்குமேல் எதையும் தரத் தேவையில்லாமல் போகிறது என்று குறைப்பட்டார்.

எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அழுகை இல்லை, வெட்கம். சுற்றி மனிதர்கள் இருந்ததால்தான் அது வந்தது. அவனுக்கு ஒரு ம்யூட் பட்டன் கிடைத்திருந்தால் நாடகம் முழுவதையும் நிம்மதியாக அழுது பார்த்திருப்பான்.

ஈழத்து ஆய்வாளர் கா. சிவத்தம்பி, தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றார். தரை, பெஞ்சு, சேர் என்று டிக்கெட் காசுதான் இடத்தைத் தீர்மானித்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் படம் விட்டதும் அவரவர் தெருவுக்குத்தான் போனார்கள். ஆகவே கொட்டகையைப் புனிதமாக்கி, ஆன்லைனைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அந்தத் தங்கைக்கு இடம் கொடுத்தது எங்கள் மாடி இல்லை, அந்தச் சின்னப் பெட்டிதான். கேள்வி கேட்க அவளுக்கு வழிவிட்ட அதே பெட்டி, பதில் சொல்லாமல் தப்பிக்க எங்களுக்கும் வழிவிட்டது.

இன்னொன்றும் உறுத்துகிறது. 'பரியேறும் பெருமாள்' (2018) பார்த்த இரவு அதே மாடியில் சண்டை நடந்தது. 'எல்லாரும் அப்படியா இருக்காங்க?' என்று கொதித்தவர்கள், மயாமிப் பையனுக்கு மறுபேச்சில்லாமல் அழுதார்கள். ஷிரோன் எங்களிடம் எதையும் கேட்க முடியாத தூரத்தில் இருந்தான். அந்தக் கண்ணீர் சுலபமாக வந்ததற்கு அந்தத் தூரமும் ஒரு காரணம்.

2022 டிசம்பர் கடைசியில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. யார் செய்தது என்ற வழக்கும் சர்ச்சையும் வருடக்கணக்கில் நீண்டது தனிக்கதை. ஆனால் விசாரிக்கப் போன ஆட்சியர் அங்கே கண்டவை இன்னும் இரண்டு. ஒன்று, டீக்கடையில் இரட்டைக் குவளை. மற்றது, தலித்துகள் நுழைய முடியாத அய்யனார் கோயில். ஆட்சியரே அவர்களை உள்ளே அழைத்துப் போனார்.

செய்தியை எங்கள் வாட்ஸப் குழுவில் பகிர்ந்தது அதே தங்கை. மூன்று பேர் அழுமூஞ்சி போட்டார்கள். ஒருவர், "இங்க அரசியல் வேணாமே" என்றார். நான் படித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

'மூன்லைட்'டில் எனக்கு மறக்காத காட்சி சாப்பாட்டு மேசையில் நடப்பது. ஆளில்லாத கட்டடத்தில் ஒண்டிய சிறுவனுக்குச் சோறு போட்டு, கடலில் நீச்சல் சொல்லிக்கொடுத்த ஹுவான், போதைப்பொருள் விற்கிறவன். 'நீ விற்கிறாயா? என் அம்மா எடுக்கிறாளா?' என்று சிறுவன் கேட்கிறான். இரண்டுக்கும் ஆமாம் என்கிறான் ஹுவான். தலை கவிழ்கிறது. அவன் அன்பும் நிஜம், சரக்கும் நிஜம். எதிரே குழந்தை உட்கார்ந்திருப்பதால் தப்பிக்க வழியில்லை. பையனுக்காக அழுத நான், ஹுவானைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

இப்போது மறுபடி மாடியில்தான் பார்க்கிறோம். தங்கைக்கு இன்னும் அனுமதியில்லை. அதனால் ஒரு சேரில் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறோம். போன மாதம் படம் முடிந்ததும் அந்தச் சேரைப் பார்த்து, வருடங்கள் கழித்து, பதில் சொன்னேன். எங்கள் அப்பத்தா வீட்டுக் கொல்லையில் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு தனி டம்ளர் உண்டு. அப்பாவோடு வேலைக்கு வரும் ஒரு பையனும் அதில்தான் காப்பி குடிப்பான். என் வயதுதான். அந்த டம்ளரைக் கூரைச் சொருகிலிருந்து எடுத்துக் கொடுத்தது பலமுறை நான்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மாடியிலும்தான். பிறகு அவள் கேட்டாள், "அவரு இப்ப எங்கண்ணே இருக்காரு?"

தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.