மேடையில் கிடைக்கும் உறை

ஆளுநர் ஜோசப் காலட் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நெசவாளர்களைக் குடியேற்றிய வடசென்னை ஊர் காலடிப்பேட்டை. ஆளுநரின் பெயர் ஊர்ப்பெயராகவே நிற்கிறது. அந்தத் தறிவீடுகளில் உழைத்த பெண்களின் பெயர்களை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அப்படி விடுபட்டவர்களைத் தேடிப் பதிவு செய்வது மகளிரியலின் வேலை. அந்த ஆய்வாளர்களை ஒன்று சேர்க்க 1982இல் உருவானது இந்திய மகளிரியல் சங்கம். வீணா மஜும்தார், நீரா தேசாய் போன்றோர் வளர்த்த அமைப்பு அது. 2017 ஜனவரியில் அதன் தேசிய மாநாடு சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது.

பேசிக் கிடைக்கும் பணத்தால் இப்படி ஓர் அமைப்பைத் தாங்க முடியுமா? பண்டித ரமாபாய் 1886 முதல் 1888 வரை அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசினார், புத்தகம் எழுதி விற்றார். அதில் திரண்ட ஆதரவில்தான் 1889இல் பம்பாயில் சாரதா சதன் திறந்தது. இளம் கைம்பெண்கள் அங்கே படித்தார்கள்.

மகளிர் தினமான மார்ச் 8 நெருங்கினால் நம் பேராசிரியைகளுக்கும் பேராசிரியர்களுக்கும் அழைப்புகள் குவிகின்றன. பேச்சு முடிந்ததும் சால்வையோடு பணம் வைத்த ஓர் உறையும் தருகிறார்கள். அதைச் சங்கத்துக்குத் தரும்படி கௌரவ விரிவுரையாளர்களிடம் கேட்பது நியாயமில்லை. அவர்களுக்கு அது வீட்டு வாடகை. மாதச் சம்பளம் உறுதியானவர்கள் தரலாம். வடசென்னைப் பெண் ஒருத்தி தன் ஆய்வைப் படிக்க வெளியூர் மாநாட்டுக்கு ரயிலேற அந்தப் பணம் உதவும். இந்த மார்ச்சில் ஓர் உறையையாவது பிரிக்காமல் சங்கத்துக்கு அனுப்புங்கள்.