யாத்திரையும் மனத்திண்மையும்

பொதியத்திற் பிறந்த தாமிரபரணி பாபநாசம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் முதலிய பதிகளைத் தழுவிக் கடலையடைகின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் 17-ஆம் நூற்றாண்டில் அவதரித்த குமரகுருபர சுவாமிகளது யாத்திரையை ஈண்டுச் சிந்திப்போமாக. நெடுவழி நடத்தல் மனத்தைத் திருத்துமாறும், பலரை நடத்துந் தகுதியைத் தருமாறும் அதனால் விளங்கும்.

ஐந்து வயதுவரை பேசாதிருந்து, செந்திற்பெருமான் திருவருளால் வாக்குப்பெற்ற சுவாமிகள், மதுரையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றித் திருமலை நாயக்கராற் சிறப்பிக்கப்பெற்றார்கள் என்பது வரலாறு. பின்னர்த் தருமபுரத்தில் நான்காம் பட்டத்து மாசிலாமணி தேசிகரையடைந்து துறவு வேண்டியபொழுது, காசியாத்திரை செய்து வருமாறு கட்டளை பிறந்தது. காசியோ 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ளது. துறவுபெறுதற்குக் காலந் தாழ்க்குமென்று சுவாமிகள் வருந்த, சிலகாலம் சிதம்பரவாசஞ் செய்தல் அமையுமென்று தேசிகர் அருளினார்கள்.

அரசன் போற்றிய புலவரை வழிநடக்கப் பணித்தது எற்றுக்கெனின், கூறுதும். ஊரிலிருப்பார்க்குப் புகழ் முன்வந்து நிற்கும். வழிநடப்பார்க்கு அது நிழல்செய்யாது. வெயில் பண்டிதனென்று விலகுவதில்லை. அயலார் இட்ட கூழையுண்டு திண்ணையிற் றுயின்றெழுந்து நடப்பவனுக்கு, யான் எனதென்னுஞ் செருக்குத் தளர்ந்து, நடத்துவது அருளேயென்னும் உணர்வு தலைப்படும். சரியை உடலால் இயற்றப்படுவதாயினும், பயன் உயிரைச் சார்வது இவ்வாறேயாம்.

மைந்தனையிழந்து, நூலைத் திறக்கவும் மாட்டாதிருந்த ஓராண்டில், நாம் நெல்லையினின்று செந்தூருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் அடியார் கூட்டத்தொடு நடந்தோம். வினைக்கொள்கையைப் பிறர்க்குரைத்த நமக்கு, அதுகாறும் அவ்வுரை உதவிற்றிலது. கூட்டத்தை நடத்திய முதியவர் முன்னே செல்லாது, கடைசியிற் றளர்ந்தாரோடு வந்தார். நம்மை அவர் யாதும் வினவினாரல்லர்; நம் மூட்டையை மட்டும் வாங்கிக்கொண்டார். துயர் நீங்கிற்றென்று சொல்லோம், சுமக்கத்தக்கதாயிற்று. திரும்பியபின் நூலைத் திறந்தோம்.

நடை மனக்கவலையைத் தணிக்குமென்று இக்கால மருத்துவரும் கூறுப. எனினும் கடிய மனநோயுற்றாரை மருத்துவரிடஞ் சேர்த்தலே முறை. யாத்திரை அதற்குத் துணையாமன்றி மாற்றாகாது.

மாணாக்கனது ஆற்றலறிந்து சுமையைக் குறைத்த தேசிகரும், தளர்ந்தாரொடு பின்வந்த முதியவரும் தலைமையின் இலக்கணத்தை ஒருபடியாகவே காட்டினர். சுவாமிகளும் பின்னர்க் காசிக்கே சென்று, மொழியறியா நாட்டில் மடம் நிறுவினார்கள்; அம்மரபே 1720-இல் திருப்பனந்தாளில் நிலைகொண்டது. ஆகலின், மடங்களிற் பயிலும் இளைஞர் ஆண்டுக்குச் சிலநாளேனும் ஊர்தி துறந்து, அடியார் நடுவே நடப்பாராக. பின்னிற்பாரை நோக்கி நிற்கக் கற்றவரே முன்னிற்றற்கு உரியர்.

சிவம் பெருகுக.